சாம்பார் ஏரியும் நான் தவறாக நடத்திய ஒரு பாடமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பேரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சாம்பார் ஏரி ராஜஸ்தானில் இருக்கிறது. நம் சாம்பாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நம் சாம்பாரில் போடும் உப்புக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன ஜனவரியில் ஜெய்ப்பூர் போயிருந்தபோது ஒரு நாளை இந்த ஏரிக்கென்று ஒதுக்கினேன். மேற்கே ஏறத்தாழ 80 கி.மீ. புலேரா சந்திப்பைத் தாண்டியதும் வயல்கள் குறைந்து, வெளிறிய தரை தொடங்குகிறது. ஏரி என்றதும் அலையடிக்கும் தண்ணீரை எதிர்பார்த்துப் போனேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையும் சாம்பலுமாகக் களர்நிலம்தான். நடுவே தண்ணீர் மெல்லிய தகடுபோல் மின்னியது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. நாட்டின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி இது. மழைக்காலத்தில் மேந்தா, ரூபன்கர் போன்ற சிற்றாறுகள் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வெளியேற வழி கிடையாது. வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடுகிறது.

ஏரியின் குறுக்கே 5 கி.மீ. நீளத்துக்கு ஒரு கல் அணை போகிறது. கிழக்கே பாத்திகள், சிலவற்றில் தண்ணீர் செங்காவி நிறம். பக்கத்திலேயே உப்பு ஏற்றும் குட்டி ரயில் தண்டவாளம். டீக்கடைப் பெரியவர் ஒருவர் ஊர்க்கதை சொன்னார். சாகம்பரி அம்மன் இந்தக் காட்டை வெள்ளிச் சமவெளியாக மாற்றினாளாம். வெள்ளிக்காக அடித்துக்கொண்டு சாவோம் என்று ஜனங்கள் பயந்து கெஞ்ச, அதை உப்பாக்கிவிட்டாளாம். "உப்புக்கும் அடித்துக்கொண்டார்கள், மாஸ்டர்ஜி" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரித்திரம். 1708இல் ஜெய்ப்பூர், ஜோத்பூர் அரசர்கள் சேர்ந்து மொகலாயப் படையை இங்கே தோற்கடித்தார்கள். பிறகு இரண்டு அரசுகளும் இந்த இடத்தைக் கூட்டாக ஆண்டன. 1869-70இல் இரண்டு அரசுகளிடமிருந்தும் ஆங்கிலேயர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் எடுத்தார்கள்? இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

சுதேச சமஸ்தானங்களின் உப்பு வரியில்லாமல் தங்கள் பகுதிக்குள் வராதபடி ஆங்கிலேயர் ஒரு சுங்கக் கோடு போட்டிருந்தார்கள். சிந்து நதியிலிருந்து ஒரிசா எல்லை வரை சுமார் 3,700 கி.மீ. கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று முள்செடிகளை நட்டு அதில் பெரும்பகுதியை வேலியாகவே வளர்த்தார்கள். காவலுக்கு சுமார் 12,000 பேர். 1867 முதல் 1870 வரை இந்தச் சுங்கத்துறைக்கு ஆணையராக இருந்தவர், பிற்பாடு காங்கிரஸ் உருவாகக் காரணமான அதே ஏ. ஓ. ஹியூம்!

உப்பு விளையும் இடமே கையில் வந்துவிட்டால் அங்கேயே வரியை வசூலித்துவிடலாம், வேலி எதற்கு? ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. வடக்கே ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) உப்புக்கு வரி 3 ரூபாய். சென்னை, பம்பாய் மாகாணங்களில் 1 ரூபாய் 13 அணா. வேலியை எடுத்தால் தெற்கத்தி உப்பு வடக்கே போய்விடும். ஆகவே இரண்டையும் சமமாக்கினார்கள். 1877-78இல் வடக்கே 2 ரூபாய் 8 அணாவாகக் குறைத்தார்கள். நமக்கு அதே 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். மணங்குக்கு 11 அணா அதிகம். 1879 ஏப்ரல் 1 முதல் அந்தக் கோட்டின் பெரும்பகுதி கைவிடப்பட்டது.

வருஷத்தைக் கவனித்தீர்களா? 1876 முதல் 1878 வரை நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம். கஞ்சித் தொட்டிகளின் முன்னால் ஜனங்கள் செத்து விழுந்த காலம். கஞ்சிக்குப் போடும் உப்புக்கு அப்போதுதான் வரி ஏறியது.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். முப்பது வருஷம் நான் வரலாறு நடத்தினேன். லிட்டன் பிரபுவின் ஆட்சி என்றால், ஒரு பக்கம் பஞ்சமும் டெல்லி தர்பாரும். இன்னொரு பக்கம் "சீர்திருத்தங்கள்" என்ற தலைப்பில் "உப்பு வரியைச் சமப்படுத்தினார்". இரண்டு மதிப்பெண். எத்தனை விடைத்தாள்களில் அதற்குச் சிவப்பு மையால் சரி போட்டிருப்பேன்! ஒரு மாணவி எழுந்து, "சமப்படுத்தினால் யாருக்காவது கூடியிருக்கணுமே சார், யாருக்கு?" என்று கேட்டாள். "அது பாடத்தில் இல்லை, உட்காரும்மா" என்றேன். பஞ்சம் ஒரு பக்கத்திலும் வரி அடுத்த பக்கத்திலும் இருந்ததால், இரண்டும் ஒரே வருஷம் என்பது எனக்கே உறைக்கவில்லை.

அந்த அணையின் மேல் நின்றபோது அவள் ஞாபகம்தான் வந்தது. தரையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கசப்பு கலந்த கரிப்பு.

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததைக் காந்தியின் தண்டிக்குத் தெற்கத்தி எதிரொலி என்று நடத்தினேன். அது மட்டுமில்லை. உப்பு விஷயத்தில் நமக்குத் தனிக் கணக்கே ஐம்பது வருஷமாகப் பாக்கி இருந்திருக்கிறது.

அந்த மாணவி இப்போது எங்கிருக்கிறாளோ. இந்தப் பதிவு கண்ணில் பட்டால், அம்மா, உன் கேள்விக்குப் பதில்: நமக்குத்தான் கூடியது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

இன்று வகுப்பெடுக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரே விண்ணப்பம். பாடத்தில் "சீர்திருத்தம்" என்று வந்தால், யாருக்கு என்று பிள்ளைகளைக் கேட்க விடுங்கள். உட்காரச் சொல்லாதீர்கள்.