ஆண்டு இல்லாத வரைபடமும் பெயர் இல்லாத பெண்களும்

திருச்சியின் பழைய ஆங்கிலேயர் கால வரைபடம் ஒன்று கையில் இருக்கிறது, அதில் ஆண்டு அச்சாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் வயதைக் கண்டுபிடிக்க என்ன வழி? ஊரின் வரலாற்றை அருகில் வைத்துக்கொண்டு, வரைபடத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க வேண்டும்.

திருவரங்கத்துக்குப் போகக் காவிரிமேல் பாலம் இருந்தால், அது 1849க்குப் பிந்தையது. நாகப்பட்டினத்திலிருந்து ரயில் திருச்சிக்கு வந்து சேர்ந்தது 1862இல். பாலக்கரையில் சகாய மாதா கோயில் எழுந்தது 1880ஐ ஒட்டி. புனித வளனார் கல்லூரி நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறியது 1883இல். ரயில் பாதை இருந்து, கோயிலும் கல்லூரியும் இல்லையென்றால், இடைப்பட்ட இருபது ஆண்டுகள் என்று ஊகிக்கலாம்.

ஆனால் அவசரப்படக் கூடாது. பழைய அளவையின் மேல் புதிய ரயில் பாதையை மட்டும் சேர்த்து அச்சிடுவது வழக்கம். திட்டமிட்ட பாதையை முன்கூட்டியே வரைந்துவிடுவதும் உண்டு. ஒன்று இருப்பதைவிட, இல்லாதிருப்பது பலவீனமான சான்று. வரைந்தவருக்கு அது தேவைப்படாமல் போயிருக்கலாம்.

யாருக்கு எது தேவைப்பட்டது என்ற இந்தக் கேள்விதான் நம்மைப் பெண்களிடம் கொண்டுவருகிறது.

படைமுகாம், கோட்டை, சிறை, நீதிமன்றம், தேவாலயம் எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் பெயர் உண்டு. கோட்டைக்குத் தெற்கே இருக்கும் பாலக்கரையில் தண்ணீர் எடுத்த, வியாபாரம் செய்த, பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ராணி மங்கம்மாளைப் போல ஆண்டவர்களுக்கு மட்டும் மண்டபத்தின் பெயராக இடம் கிடைத்தது.

சாதாரணப் பெண்ணை நேராகக் குறிவைத்த கட்டடம் ஒன்று உண்டு. அது லாக் ஆஸ்பத்திரி. படைவீரர்களுக்குப் பால்வினை நோய் வராமல் தடுப்பதாகச் சொல்லி, பாலியல் தொழில் செய்வதாகக் கருதிய பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகப் பரிசோதித்து, அடைத்துவைத்த இடம். சிப்பாய்களை அல்ல, பெண்களையே சட்டம் துரத்தியது. 1864 கன்டோன்மென்ட் சட்டமும் 1868 தொற்றுநோய்ச் சட்டமும் இதற்கு அதிகாரம் கொடுத்தன. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்றோர் நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாக 1888இல் இந்தியச் சட்டம் நீக்கப்பட்டது. திருச்சியிலும் அப்படியொரு ஆஸ்பத்திரி இயங்கியது.

இத்தகைய ஆஸ்பத்திரிகள் சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்ததால், அந்தப் பெயர் மட்டும் போதாது. ரயில் பாதையும் அதுவும் சேர்ந்தே இருந்தால், 1864க்கும் 1888க்கும் இடையில் வரைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பெண்ணை அடைத்த கட்டடம், வரைபடத்தின் வயதைச் சொல்ல நமக்கு உதவுகிறது. அவள் பெயரை அது சொல்வதில்லை. ஆண்டறிக்கைகளிலும் அவள் எண்ணிக்கைதான்: பதிவானவர் இத்தனை பேர், தண்டிக்கப்பட்டவர் இத்தனை பேர்.

பெயர் வேண்டுமென்றால் வேறு ஏடுகளைத் திறக்க வேண்டும். கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் எழுதப்படும். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தேதியும் இருக்கும்.

அடுத்த முறை பழைய வரைபடம் ஒன்றைக் காணும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது எந்த ஆண்டு? அந்த ஆண்டில் இந்தத் தெருவில் இருந்த பெண்களை யார், எதற்காக எழுதிவைத்தார்கள்? முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இரண்டாவதைத் தேடும் வழியில்தான் கிடைக்கிறது.