அரைத்தலும் ஆராய்தலும்: யப்பானியக் கதை விளையாட்டுகளின் வரலாறு

விளையாட்டைப் பற்றி வரலாற்றுப் பேச்சு எதற்கு என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும். சதுரங்கத்துக்கும் தாயத்துக்கும் வரலாறு உண்டென்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், தொலைக்காட்சித் திரையில் ஆடப்படும் விளையாட்டுக்கும் அஃது உண்டென்று சொல்லத் தயங்குகிறோம். ஆயினும், உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு, திறமைக்கு எவ்வளவு மதிப்பு, தோற்றவனுக்கு என்ன வழி என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு விளையாட்டும் தன் விதிகளாலேயே விடை கூறுகின்றது. யப்பான் நாட்டில் 1986ஆம் ஆண்டு முதல் செழித்து வளர்ந்த ஒரு விளையாட்டு இனம் இவ்வினாக்களுக்கு அளித்த விடைகள் காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இவ்விளையாட்டின் இயல்பைச் சொல்லிவிடுதல் வேண்டும். ஆடுபவர் ஒரு கதைத்தலைவனின் பாத்திரத்தை ஏற்று ஊர் ஊராகவும் குகை குகையாகவும் செல்கிறார். வழியிற் பகைவர் எதிர்ப்படுவர். போர் கைவேகத்தால் நடப்பதன்று. சதுரங்கத்திற் போல இரு திறத்தாரும் முறை வைத்துச் செயற்படுவர். தம் முறை வரும்போது தாக்குவதா, மந்திரம் ஓதுவதா, மருந்துண்பதா, தப்பியோடுவதா என்பதை ஆடுபவர் ஆறுதலாக எண்ணித் தெரிந்துகொள்ளலாம். வென்றாற் பொன்னும் அனுபவப் புள்ளிகளும் கிடைக்கும். புள்ளிகள் குறித்த அளவை எட்டியதும் தலைவன் ஒரு படி உயர்வான். அவனுடைய உயிர்வலிமையும் தாக்கும் வலிமையும் பெருகும். ஆகவே, முன்னே நிற்கும் பகைவன் மிகக் கொடியவனாயின், பின்வாங்கிச் சென்று எளிய பகைவரை மீண்டும் மீண்டும் வென்று, படி உயர்ந்து திரும்பி வரலாம். இதனை யப்பானியர் 'ரெபெரு அகே', அதாவது படியேற்றம், என்பர். ஆங்கிலம் பேசுவோரோ அரைத்தல் என்று பொருள்படும் சொல்லால் இதனைக் குறிப்பர். நம் வீட்டு அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நினைத்துப் பார்த்தால் அச்சொல்லின் பொருத்தம் விளங்கும். ஒரே அசைவு, ஒரே சுற்று. பயன் மட்டும் சிறிது சிறிதாகத் திரளும்.

இவ்வினத்தின் மூலம் யப்பானன்று, அமெரிக்காவாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டிலேதான் அனுபவப் புள்ளியும் படியுயர்வும் புகழ்பெற்றன. அது மேசையைச் சுற்றியிருந்து, பகடை உருட்டி, ஒரு நடுவரின் முன்னிலையில் ஆடப்பட்டது. நடுவர் மனிதர், ஆடுவோர் சோர்ந்தால் இரங்குவார், செருக்குற்றால் அடக்குவார். பின்னர் கணினி அந்நடுவரின் இடத்தைப் பிடித்தது. கணினிக்கு இரக்கம் என்பது இல்லை. ஆண்ட்ரூ கிரீன்பர்க், ராபர்ட் வூட்ஹெட் ஆகியோர் 1981இல் வெளியிட்ட 'விசார்ட்ரி' இதற்குச் சான்று. பத்துத் தளங்கள் கொண்ட ஓர் இருண்ட சுரங்கத்துள் ஆறு வீரர் இறங்குவர். வழியை ஆடுபவரே சதுரக்கோட்டுத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். இறந்த வீரனைக் கோயிலுக்குக் கொண்டுசென்று உயிர்ப்பிக்க முயலலாம். முயற்சி தவறினால் அவன் சாம்பலாவான். மீண்டுந் தவறினால் என்றென்றைக்கும் இல்லாதொழிவான். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் அழிந்துபோகும்.

இத்தகைய கதை விளையாட்டுகள் யப்பானியக் கணினி ஆர்வலரிடையே பரவலாயின. நெதர்லாந்திற் பிறந்த ஹெங்க் ரோஜர்ஸ் என்பார் 1984இல் யப்பானில் வெளியிட்ட 'பிளாக் ஆனிக்ஸ்' பலருக்கு இவ்வினத்தை அறிமுகஞ் செய்து வைத்தது. ஆனாற் கணினி அந்நாளில் எல்லார் வீட்டிலும் இருந்த பொருளன்று. வீடுதோறும் புகுந்தது, 1983இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'பமிகொம்' என்னும் சிறு பெட்டியே. அப்பெட்டியின் முன் அமர்ந்த சிறுவர்க்கு விசார்ட்ரியின் கொடுமை பொருந்துமா? இந்த இடத்திலேதான் யூஜி ஹோரி என்பவரின் பணி தொடங்குகின்றது.

ஹோரி கதை அமைக்க, கொயிச்சி நகமுரா நிரல் எழுத, அகிரா தொரியாமா பகைவரின் உருவங்களை வரைய, கொயிச்சி சுகியாமா இசையமைக்க, 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டை எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27ஆந் திகதி வெளியிட்டது. அது முழுவதும் 64 கிலோபைட் நினைவகத்துள் அடங்கியது. இந்நாளிற் பெரும்பாலான புகைப்படங்களுக்குக்கூட அவ்விடம் போதாது. அச்சிறு இடத்துள் ஓர் உலகையே வைத்த ஹோரி, புதியவர் வழி தவறாதவாறு தொடக்கத்தை அமைத்தார். தலைவன் அரசனுடைய மண்டபத்திற் பூட்டப்பட்ட நிலையிலே கதை தொடங்கும். பேசவும், பேழை திறக்கவும், கதவு திறக்கவும், படியில் இறங்கவும் கற்றுக்கொண்ட பின்னரே வெளியே செல்ல முடியும்.

வெளியே முதலில் எதிர்ப்படுவது 'சுலைம்' என்னும் நீலநிறக் கூழுருவம். அதனை வென்றாற் கிடைப்பது ஒரே ஓர் அனுபவப் புள்ளி. இரண்டாம் படிக்கு வேண்டுவன 7 புள்ளிகள்; மூன்றாம் படிக்கு 23; நான்காவதற்கு 47; ஐந்தாவதற்கு 110. இவ்வாறு ஏறிச்சென்று, கடைசிப் படியாகிய முப்பதாவதற்கு 65,535 வேண்டும். இரண்டு பைட்டில் எழுதத்தக்க மிகப் பெரிய எண் அதுவே. தொடக்கத்தில் ஏணி தாழ்ந்திருக்கும். சிறுவன் ஏறத் துணிவான். போகப்போகப் படிகளுக்கிடையே உள்ள தூரம் விரியும். அதற்குள் அவனுக்கு ஏற்றத்தின் இன்பம் பழகிவிடும்.

எனினும், ஹோரி செய்த பெரும் மாற்றம் தோல்வியின் விதியில் உள்ளது. தலைவன் மாண்டால் அரசன் அவனை உயிர்ப்பிப்பான். கையிலிருந்த பொன்னிற் பாதி போகும். அனுபவப் புள்ளிகளில் ஒன்றேனும் குறையாது. இதன் சிறப்பை உணர, முந்திய ஆண்டில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே முயற்சிகள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும். மிஞ்சுவது ஆடியவரின் கைப்பழக்கம் மட்டுமே. அந்தப் பழக்கம் எளிதில் வாராதவர்க்கு மாரியோ அந்தத்தைக் காட்டமாட்டான். டிராகன் குவெஸ்டோ, கைவேகம் இல்லாதவர்க்கும், மெல்லச் சிந்திப்பவர்க்கும், பலமுறை தோற்பவர்க்கும் ஒரு வாக்குறுதி அளித்தது. நீ விடாது முயன்றால், என்றோ ஒருநாள் இக்கதையின் முடிவைக் காண்பாய் என்பதே அவ்வாக்குறுதி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் நம் பழமொழியை விதியாக்கிய விளையாட்டு அது.

இவ்வாக்குறுதிக்கு ஒரு விலையும் இருந்தது. விலை, காலம். திறமையால் தரமுடியாததை நேரத்தால் தரவேண்டியிருந்தது. மேலும், சிறிய நினைவகத்துள் அடங்கிய குறுகிய கதை பல நாள் நீள்வதற்கு இப்படியேற்றமே பெரிதும் துணைபுரிந்தது என்பதையும் மறைத்தலாகாது. தேடிய புள்ளிகளைக் காப்பதும் எளிதாக இருக்கவில்லை. முதல் விளையாட்டில் ஆட்டத்தை நிறுத்துமுன் 20 எழுத்துக்கொண்ட ஒரு மந்திரத்தைத் தாளில் எழுதிவைத்து, மறுமுறை அதனைப் பிழையின்றி உள்ளிடவேண்டும். 1987 சனவரியில் வெளிவந்த இரண்டாம் விளையாட்டில் அது 52 எழுத்துவரை நீண்டது. ஓர் எழுத்துப் பிழைத்தால் உழைப்பு முழுவதும் வீண். அவ்விரண்டாம் விளையாட்டின் இறுதியில் வரும் ரொந்தருக்கியா என்னும் பனிமேட்டையும், அதற்குச் செல்லும் குகையையும் யப்பானிய ஆட்டக்காரர் இன்றும் அச்சத்தோடு நினைவுகூர்வர். குகைத்தரையெங்கும் கண்ணுக்குத் தெரியாத குழிகள். மேட்டை அடைந்தாலோ, ஒரே மந்திரத்தாற் குழுவினரை மாய்க்கவல்ல பகைவர். அங்கே அரைத்தல் மட்டும் போதவில்லை, நல்லூழும் வேண்டியிருந்தது.

1988 பெப்ரவரி 10ஆந் திகதி மூன்றாம் விளையாட்டு வெளிவந்தபோது, பேழைக்குள் வைத்த மின்கலமே ஆட்டத்தைக் காத்துக்கொண்டது. அன்று புதன்கிழமை. கடைகளின் முன்னே நீண்ட வரிசைகள் நின்றன. பாடசாலைக்குச் செல்லாது வரிசையில் நின்ற மாணவரின் செய்தி நாட்டையே பேசவைத்தது. நான்காம் விளையாட்டு 1990 பெப்ரவரி 11ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வெளியிடப்பட்டது. விளையாட்டு கேட்ட காலம் யாருடைய காலம் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இதற்கிடையே வேறு விடைகளும் தோன்றின. ஹிரோனொபு சக்கக்குச்சியின் தலைமையில் ஸ்குவேயர் நிறுவனம் 1987 இறுதியில் 'பைனல் பேண்டசி'யை வெளியிட்டது. மறு ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் அனுபவப் புள்ளியே நீக்கப்பட்டது. வாளை வீசுபவன் வாளில் வளர்வான். மந்திரம் ஓதுபவன் மந்திரத்தில் வளர்வான். அடிபட்டுத் தாங்குபவனுக்கு உயிர்வலிமை பெருகும். அகித்தொஷி கவசு அமைத்த இம்முறை, எண்ணிப் பார்த்தால் இயற்கைக்கு நெருங்கியதே. ஆனால் ஆடுவோர் கண்ட குறுக்குவழி விந்தையானது. அடிபட்டால் வளரலாம் என்றறிந்ததும், தம் தோழரைத் தாமே அடிக்கத் தொடங்கினர்! எதனை அளவுகோலாக வைத்து வெகுமதி தருகிறோமோ, மாந்தர் அவ்வளவுகோலையே துரத்துவர் என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

1993ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு டிசம்பரில் டிராகன் குவெஸ்டின் முதலிரு பாகங்களும் புதிய பெட்டிக்காக மீண்டும் ஆக்கப்பட்டபோது, பகைவர் தரும் புள்ளியும் பொன்னும் உயர்த்தப்பட்டன. 1986இற் பொறுத்துக்கொண்ட நீளத்தை எட்டாண்டுக்குள் ஆக்கியோரே குறைத்துவிட்டனர். அதே ஆண்டு நகமுராவின் சுன்சொப்ட் நிறுவனம் வெளியிட்ட 'தொருனெக்கோவின் பெருஞ்செலவு' என்னும் விளையாட்டு நேர்மாறான வழியை நாடியது. அதில் ஒவ்வொரு முறையும் குகைக்குள் முதற்படியிலேயே நுழையவேண்டும். குகையும் முறைக்கு முறை மாறும். தலைவன் வளர்ந்து நிலைப்பதில்லை, வளர்பவர் ஆடுபவரே. 1999இல் வந்த பைனல் பேண்டசி எட்டாம் பாகத்தில் தலைவர் உயர உயரப் பகைவரும் உயர்ந்தனர். படியேறாதிருப்பதே நலம் என்று சிலர் கண்டனர். அட்லஸ் நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'ஷின் மெகாமி டென்செய்' மூன்றாம் பாகத்திலோ, பகைவனின் குறையறிந்து தாக்கினால் மேலும் ஒரு முறை கிடைக்கும். அறியாது தாக்கினால் உள்ள முறையும் போகும். இவ்விதி பகைவர்க்கும் பொது. எண்ணாது அரைப்பவர் அங்கே விரைவில் வீழ்வர்.

பிற்காலத்தில் தீர்ப்பு ஆடுவோர் கையிலேயே விடப்பட்டது. 2013இல் திருத்தி வெளியிடப்பட்ட 'பிரேவ்லி டிபோல்ட்' வழியிற் பகைவர் எதிர்ப்படும் அளவை ஆடுபவரே கூட்டவும் குறைக்கவும், அறவே நிறுத்தவும் இடந்தந்தது. மறுபுறம், தம்மைத் தாமே கட்டுப்படுத்தி, தாழ்ந்த படியிலேயே நின்று முடிவைக் காணும் வழக்கம் ஆட்டக்காரரிடையே நெடுநாளாக இருந்தது. அதனை யப்பானியர் கட்டுண்ட ஆட்டம் என்று பொருள்படும் 'ஷிபரி' என்னும் சொல்லாற் குறிப்பர். 2017இல் வந்த டிராகன் குவெஸ்ட் பதினோராம் பாகம், கவசம் அணியாமை, கடையிற் பொருள் வாங்காமை முதலிய கட்டுகளைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வழிவகுத்தது. 2024 நவம்பரில் மூன்றாம் பாகம் புத்துருப் பெற்றபோது, எளிய முறையைத் தெரிந்தவரின் வீரர் எவரும் மாளாதவாறு விதி செய்யப்பட்டது.

இம்மாற்றங்களைக் கண்டு, இளையோர் சோம்பலுற்றனர் என்று சிலர் சலித்துக்கொள்வர். அஃது அவசர முடிபாகும். 1986இற் பத்து வயதாயிருந்த சிறுவன் 2024இல் நாற்பத்தெட்டு வயதினன். அன்று அவனிடம் விடுமுறை நாட்கள் இருந்தன, கைத்திறன் இல்லை. இன்று அவனிடம் சிந்தனையும் அனுபவமும் உண்டு, நேரம் இல்லை. அன்று நேரத்தை ஏற்றுக்கொண்டு வழிவிட்ட விதி அவனுக்கு இரக்கமாயிற்று. இன்று அதே விதி சுமையாகின்றது. விதி மாறவில்லை, அதற்குச் செலுத்தும் நாணயத்தின் அருமை மாறியது.

ஆகவே, பழைய முறையை வெறும் அரைத்தல் என்று இகழ்வதும், புதிய முறையை வெறும் சலுகை என்று பழிப்பதும் பொருந்தா. உழைத்ததை அழிக்காத விதி நல்விதி என்பதை ஹோரி 1986இற் காட்டினார். சிந்தியாத உழைப்புக்கு அளவற்ற வெகுமதி தருதல் நன்றன்று என்பதை அவர்க்குப் பின் வந்தோர் காட்டினர். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த விளையாட்டிலே, தோற்றவர் மீண்டும் எழுகின்றார். எழுந்தபின் முன்னினும் தெளிவாக எண்ணுகின்றார். வீட்டிற் பிள்ளைகள் திரையின் முன் அமர்ந்து அதே கூழுருவத்தை நூறாவது முறையாக அடிக்கக் கண்டால், எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று மட்டும் கேளாமல், இப்போது அதனை வேறு எவ்வாறு வெல்லலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கூறும் விடையிலிருந்து, நடப்பது அரைத்தலா ஆராய்தலா என்பது விளங்கும்.