ஓகோனி மக்களின் தண்ணீர்

1980களில் நைஜீரியத் தொலைக்காட்சியில் 'பாசி அன்ட் கம்பனி' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் ஓடியது. வேலை செய்யாமலே பணக்காரனாகத் துடிக்கும் ஒருவனின் கதை. அதை எழுதிய கென் சாரோ-விவாவை 1995 நவம்பர் 10ஆம் திகதி அவருடைய நாட்டு அரசாங்கமே தூக்கிலிட்டது. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் அவருடைய மக்களின் நிலத்தைப் பற்றித் தெரிய வேண்டும்.

ஓகோனி நிலம் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர்தான். மரவள்ளித் தோட்டம், மீன், நண்டு, கண்டல் காடு, இவைதான் அந்த மக்களின் வாழ்க்கை. 1958இல் அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது நைஜீரியா பிரித்தானியாவின் கையில் இருந்தது. 1960இல் சுதந்திரம் வந்தது. ஷெல் கம்பனி போகவில்லை.

வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் பக்கத்தாலேயே குழாய்கள் போயின. எண்ணெயோடு வரும் வாயுவை வெளியில் எரித்தார்கள். குழாய் துருப்பிடித்து உடைந்தால் எண்ணெய் நேரே ஓடைக்குள் போகும். கண்டல் மரத்துக்கு வேரால்தான் மூச்சு. அந்த வேரை எண்ணெய் மூடினால் மரம் மூச்சடைத்துச் செத்துவிடும். பிறகு மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர இடமில்லை. மீன் இல்லாவிட்டால் மீனவருக்கு என்ன மிச்சம்?

1990இல் ஓகோனி மக்கள் தங்கள் உரிமைச் சாசனத்தை எழுதினார்கள். 1993 ஜனவரி 4ஆம் திகதி சுமார் 3 லட்சம் பேர் ஆயுதம் இல்லாமல் ஊர்வலம் போனார்கள். மொத்த ஓகோனி மக்களே 5 லட்சம் அளவுதான்! அதே வருடம் ஷெல் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. ஆனால் இராணுவம் ஊர்களுக்குள் வந்தது. 1994 மே மாதம் ஒரு கும்பல் ஓகோனித் தலைவர்கள் நால்வரைக் கொன்றது. சாரோ-விவா அந்த இடத்தில் இருக்கவேயில்லை. என்றாலும் இராணுவ ஆட்சி அமைத்த விசேட நீதிமன்றம் அவருக்கும் இன்னும் எட்டுப் பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. மேன்முறையீடு செய்யவும் வழியில்லை. தூக்கிலிட்ட உடனேயே பொதுநலவாய நாடுகள் நைஜீரியாவை இடைநிறுத்தின. அந்த ஒன்பது பேருக்கும் அதனால் என்ன பயன்?

2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஓகோனி நிலத்தை ஆராய்ந்து அறிக்கை விட்டது. ஓகாலே என்ற ஊரில் மக்கள் குடித்த கிணற்றுத் தண்ணீரில் பென்சீன் இருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. உலக சுகாதார அமைப்பு சொன்ன அளவைவிட 900 மடங்குக்கும் மேல். பக்கத்தில் ஓடிய குழாய் நைஜீரிய அரசுக் கம்பனியுடையது. ஆகவே வெளிநாட்டுக் கம்பனியை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. முழுவதும் சுத்தமாக 25 முதல் 30 வருடம் எடுக்கலாம் என்றது அந்த அறிக்கை.

எண்ணெய் திருடுபவர்கள் குழாயை உடைப்பதுதான் பெரிய காரணம் என்று ஷெல் சொல்லிவருகிறது. திருட்டு நடப்பது உண்மை. ஆனால் போடோ என்ற ஊரில் 2008இல் நடந்த இரண்டு பெரிய கசிவுகளுக்குக் குழாயின் பழுதே காரணம் என்று ஷெல்லே ஏற்றுக்கொண்டது. போடோ மக்கள் லண்டனில் வழக்குப் போட்டு, 2015இல் 5.5 கோடி பவுண் நட்டஈடு பெற்றார்கள். 2021இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஓகாலே மக்களும் இங்கிலாந்தில் வழக்கு நடத்தலாம் என்றது. தங்கள் கிணற்றுக்காக அவர்கள் இன்னொரு நாட்டு நீதிமன்றத்துக்கு வரவேண்டியிருந்தது.

2025 ஜூனில் நைஜீரிய ஜனாதிபதி தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் 'மன்னிப்பு' வழங்கினார். குற்றம் செய்யாதவர்களுக்கு எதற்கு மன்னிப்பு, அந்தத் தீர்ப்பே பிழை என்று அறிவியுங்கள் என்று கேட்டார்கள் அவர்களுக்காகப் போராடியவர்கள்.