கைம்மாறு கருதா அன்பு: புத்தளக் கரை தரும் சான்று

சமயங்கள் யாவும் அன்பைப் போற்றுகின்றன. எனினும், அச்சொல்லால் அவை குறிக்கும் பொருள் ஒன்றன்று. தகுதி கண்டு தோன்றும் அன்பு ஒன்று. பயன் கருதி வளரும் அன்பு ஒன்று. இரண்டையும் நோக்காது தன்னையே தரும் அன்பு பிறிதொன்று. கிறித்தவ வேதத்தின் கிரேக்க மூலம் இம்மூன்றாவதனைப் பெரும்பாலும் ‘அகாப்பே’ என்னும் சொல்லாற் சுட்டும். மனிதன் திருந்திய பின்னரே இறைவன் அவனை நேசிக்கிறான் என்பதன்று அச்சமயக் கொள்கை. அவன் பாவியாயிருக்கும்போதே நேசிக்கப்பட்டான் என்பதாகும். கெட்ட குமாரன் உவமையில், மகன் வாய்திறக்குமுன்னரே தந்தை ஓடிச்சென்று தழுவுகிறான். தகுதியற்ற தம்மை இறைவன் ஆட்கொண்டமையை எண்ணி உருகிய மணிவாசகரைப் பயின்றார்க்கு இக்கருத்துப் புதியதன்று.

கொள்கை இதுவாக, வரலாறு அதற்கு ஒத்து நடந்ததா என்பது ஆராயற்பாலது.

போர்த்துக்கேயர் காலத்தில் ஈழத்தின் மேற்குக் கரையில் கத்தோலிக்க சமயம் பரவியது. உண்மையான பற்றினால் அதனைத் தழுவியோர் உளர். பதவியும் சலுகையும் கருதித் தழுவியோரும் உளர். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அக்குருமாருக்குப் புகலிடம் அளிப்போரைக் கடுந்தண்டனைக்கு உள்ளாக்கும் கட்டளையும் பிறப்பித்தனர். அவர்தம் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானமே அரச உத்தியோகத்திற்கு வாயிலாயிற்று. ஆட்சியாளர் மாறினர், சமயத்தை நிபந்தனையாக்கும் முறை மாறவில்லை.

இந்நிலையில், 1687இல் ஒரு கோவைக் குரு, இரவலர் கோலத்தில் ஈழம் வந்தார். அவரே யோசேவாஸ் அடிகள். 1651இல் பெனாவ்லிம் என்னும் ஊரிற் பிறந்தவர், கொங்கணி மொழியினர். அவருக்குப் பின்னே கப்பலும் இல்லை, படையும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து தொண்டாற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டிற்குக் கூடியிருந்த கத்தோலிக்கர் பலரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். அடிகள் அகப்படவில்லை. வடக்கில் தங்குதல் அரிதாகவே, 1690இல் அவர் புத்தளம் சென்றார்.

புத்தளத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை நின்றது. ஆயின், வாவியின் தென்கிழக்கிலிருந்த புத்தளம் கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்டது. பௌத்த மன்னனின் எல்லைக்குள், முஸ்லிம் வணிகரும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த அத்துறையில், பல ஆண்டுகளாகக் குருவைக் காணாத கத்தோலிக்கர் அவரை வரவேற்றனர். ஏறத்தாழ ஓராண்டு அங்கே தொண்டாற்றி, அடிகள் கண்டி நோக்கிச் சென்றார்.

1692இல் கண்டியில் அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் எனக் குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர். சிறையிலேயே அவர் சிங்களம் கற்றார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்தம் நேர்மையை உணர்ந்து உரிமை வழங்கினான். 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயுற்றோரை உறவினரே கைவிட்டு அகன்றனர். அடிகளோ, குடிசை அமைத்து அவர்களைக் கிடத்தி, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கஞ் செய்தார். நோயாளியின் சமயம் யாதென அவர் வினவவில்லை.

ஈண்டு ஒரு தடை எழலாம். அடிகளும் பிறரைத் தம் சமயத்திற் சேர்க்கவே வந்தார். அவ்வன்பு பயன் கருதாதது ஆகுமா? மேலும், அவரது வரலாற்றை நாம் அறிவது பெரும்பாலும் அவர் சபையார் எழுதியவற்றால். 1745இல் லிஸ்பனில் அச்சேறிய செபஸ்தியாவோ தொ ரேகோவின் நூலும் அத்தகையதே. ஆகவே அற்புதச் செய்திகளை வரலாற்றாசிரியர் அவற்றின் அளவிலேயே கொள்ளல் தகும். எனினும் ஒன்று தெளிவு. அவரிடம் கொடுப்பதற்குப் பதவியில்லை. மறுப்போரைத் தண்டிப்பதற்கு அதிகாரமில்லை. இறக்கும் நிலையிலுள்ள வைசூரி நோயாளியிடம் பெறத்தக்க கைம்மாறும் இல்லை. சமயம் பரப்பும் விருப்பம் அவர்க்கிருந்தது உண்மை. அதனை உதவிக்கு அவர் விலையாக்கவில்லை.

விளைவைக் காலம் காட்டியது. அடிகள் 1711 ஜனவரி 16இல் கண்டியில் மறைந்தார். அவர்பின் வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி, 1742இல் நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தையில் மறைந்தார். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்தது. உத்தியோகத்திற்காகச் சீர்திருத்தச் சபையிற் பெயர் பதித்தோர், அவ்வாதாயம் நீங்கவே பெருந்தொகையினராய் விலகினர். தடையின்கீழ் வாழ்ந்த கத்தோலிக்கரோ நிலைத்து நின்றனர். 1806இல் அவர்தம் உரிமைத்தடைகள் நீக்கப்பட்டன. சலுகையால் வந்தது சலுகையோடு போயிற்று. அன்பால் வந்தது நின்றது.

2015 ஜனவரி 14இல் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். ஆயினும் இவ்வரலாற்றிற் பெருமை அவருக்கு மட்டும் உரியதன்று. பிறசமயத்தவரான ஒரு குருவுக்கு இடமளித்த பௌத்த அரசிற்கும் அதிற் பங்குண்டு. வடக்கிலிருந்து அடிகள் புத்தளம் சேர்ந்து முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினருக்கும் அக்கரையே புகலிடமாயிற்று. அவர்களை வெளியேற்றியவர்கள் தமிழ்ப் போராளிகள் என்பதைத் தமிழர் மறத்தலாகாது. அன்பே சமயத்தின் அடித்தளம் என்று கூறுதல் எவர்க்கும் எளிது. அகதியாய் வந்தவனுக்குக் கதவு திறக்கும்போதே அக்கூற்று மெய்ப்படுகின்றது.