தொட்டிலருகே யார் இருந்தார்கள்?

நாய் வளர்க்கும் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு போகிறவர்கள் வாசலிலேயே கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது, தைரியமா வாங்க." சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் அறிந்தவரை அந்த நாய் யாரையும் எதுவும் செய்ததில்லை. அவர் வீட்டுக் குழந்தை அதன் வாலைப் பிடித்து இழுத்திருக்கும், முதுகில் ஏறிப் படுத்திருக்கும், நாயும் பொறுத்துப் போயிருக்கும். ஆனால் இந்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு நாயைப் பார்த்து வந்ததா என்றால், இல்லை. அதில் ஒரு பங்கு கதைகள் தந்தது. தொட்டிலில் குழந்தை, பக்கத்தில் ஒரு விலங்கு, வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை: இந்தக் காட்சியை மனிதர்கள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். கதை போன வழியைப் பின்தொடர்ந்தால், வீட்டு நாயைக் குழந்தையோடு நம்பி விடலாமா என்கிற இன்றைய கேள்வியும் கொஞ்சம் தெளியும்.

நமக்குத் தெரிந்த வடிவத்தில் அந்த விலங்கு கீரி. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதி, ஆராயாமல் காரியம் செய்வதன் கேட்டைப் பேசுவது. அங்கே ஒரு பிராமணப் பெண் தன் பிள்ளையோடு ஒரு கீரிக்குட்டியையும் பாலூட்டி வளர்க்கிறாள். ஒருநாள் தண்ணீர் எடுக்கக் கிளம்புகிறாள். திரும்பி வரும்போது கீரி வாயெல்லாம் ரத்தத்தோடு எதிரே ஓடி வருகிறது. பிள்ளையைத் தின்றுவிட்டது என்று நினைத்துக் குடத்தை அதன் மேல் போட்டுக் கொல்கிறாள். உள்ளே போனால் பிள்ளை தூங்குகிறது, பக்கத்தில் துண்டு துண்டாகப் பாம்பு கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கதைதான்.

படித்த பலருக்கு நினைவில் நிற்காத ஒரு செய்தி அதில் இருக்கிறது. அந்தத் தாய் கீரியை முழுதாக நம்பவில்லை. எவ்வளவு பாலூட்டி வளர்த்தாலும் அது விலங்கு, பிள்ளையை ஏதாவது செய்துவிடலாம் என்று அவளுக்குப் பயம். அதனால்தான் குடத்தோடு கிளம்பும்போது "பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். அவன் பார்த்துக்கொள்ளவில்லை. பிச்சைக்குக் கிளம்பிவிடுகிறான். கடைசியில் அவள் அழுவதும் திட்டுவதும் அவனைத்தான்: உன் பேராசையால் வந்தது இது. அவசரம் அவளுடையது, ஆளில்லாமல் போனது அவனால். பழைய கதை இரண்டு குற்றத்தையும் மறைக்காமல் வைத்திருக்கிறது.

இளங்கோவடிகளுக்கும் இந்தக் கதை தெரியும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கோவலன் செய்த நன்மைகளை மாடலன் அடுக்கிக்கொண்டு வரும் இடத்தில் இது வருகிறது. கீரி இறந்துபோகிறது, கணவன் மனைவியை விட்டு வடக்கே கிளம்பிவிடுகிறான், வடமொழி வாசகம் எழுதிய ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தெருத்தெருவாக அலைகிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டு, பாவம் தீரத் தானம் செய்யப் பொருள் கொடுத்து, கணவனையும் தேடிச் சேர்த்து வைக்கிறான். பாம்பு வந்த கதையை இளங்கோ விளக்கிச் சொல்லவில்லை, கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார். அவ்வளவு பரவலாக இருந்த கதை.

6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் அனுஷிர்வானின் காலத்தில் புர்ஸோய் என்ற மருத்துவர் பஞ்சதந்திரத்தைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃப்பா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். அங்கிருந்து எபிரேயம், லத்தீன் என்று மேற்கே நகர்ந்தது. 'ஏழு ஞானிகள்' என்ற கதைத் தொகுப்பு வழியாகவும் தனியாகப் போனது. வழியில் கீரி நாயாகிவிட்டது. ஏழு ஞானிகள் தொகுப்பில் வரும் இந்தக் கதையை அறிஞர்கள் 'கானிஸ்' என்றே குறிப்பிடுகிறார்கள். லத்தீனில் நாய் என்று பொருள்.

ஐரோப்பிய வீடுகளில் கீரி வளர்க்கும் வழக்கமில்லை, நாய் உண்டு. அதனால் மாற்றினார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம். ஆனால் விலங்கு மாறியதும் கதையின் நீதியும் நகர்ந்துவிட்டது. கீரி பாதிக் காட்டு விலங்கு. அதைச் சந்தேகிப்பது இயல்பு. நாய் அப்படியில்லை. அது பிரபுவின் உப்பைத் தின்று, அவன் காலடியில் படுத்து, அவனுக்காக உயிரையும் கொடுக்கும் சேவகன். நாயைச் சந்தேகிப்பது நன்றிகெட்ட செயலாகிவிடுகிறது. 'அவசரப்படாதே' என்று சொன்ன கதை, 'நாயைச் சந்தேகப்படாதே' என்று சொல்லத் தொடங்கியது.

இதன் விளைவை 13ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கண்ணெதிரே பார்க்கலாம். எத்தியென் தெ பூர்போன் என்பவர் டொமினிக்கன் சபைத் துறவி, சமய விசாரணை அதிகாரி. 1250ஐ ஒட்டிய ஆண்டுகளில் லியோன் நகருக்கு வடக்கே, குளங்கள் நிறைந்த தோம்ப் பகுதியில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். பல பெண்கள் வந்து, நோயுற்ற பிள்ளைகளைப் புனித கினெஃபோரிடம் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். யார் இந்தப் புனிதர் என்று விசாரித்தால், அது ஒரு வேட்டை நாய்.

ஊரார் சொன்ன கதை நமக்குப் பழக்கமானதுதான். ஒரு கோட்டையில் பிரபுவும் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். செவிலித்தாயும் அறையில் இல்லை. பெரிய பாம்பொன்று தொட்டிலை நோக்கி வந்தது. நாய் அதனோடு சண்டையிட்டுக் கொன்றது. தொட்டில் கவிழ்ந்து, நாயின் வாயும் தலையும் ரத்தமாகிவிட்டன. முதலில் வந்த செவிலி அலறினாள், பின்னால் வந்த தாய் அலறினாள், பிரபு வாளை உருவி நாயை வெட்டினான். பிறகு பார்த்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாயைக் கிணற்றில் போட்டு, மேலே கற்களைக் குவித்து, சுற்றி மரம் நட்டார்கள். காலப்போக்கில் கோட்டை பாழானது. குடியானவர்கள் நாயைத் தியாகியாக வணங்க ஆரம்பித்தார்கள். குழந்தையைக் காப்பாற்றியதால் குழந்தைகளின் தெய்வமாகிவிட்டது.

அந்தத் தோப்பில் நடந்த சடங்கை எத்தியென் எழுதி வைத்திருக்கிறார். தேறாத பிள்ளையைப் பற்றி, காட்டுப் பேய்கள் நம் பிள்ளையைத் தூக்கிப் போய் மாற்றிவைத்த பிள்ளை இது என்று நம்பினார்கள். தாய் உப்பைக் காணிக்கை வைப்பாள். இரண்டு மரங்களுக்கு நடுவே பிள்ளையை ஒன்பது முறை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொடுத்து வாங்குவார்கள். பிறகு மரத்தடியில் வைக்கோல் மேல் அம்மணமாகக் கிடத்தி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அழுகைச் சத்தம் கேட்காத தூரம் போய்விட வேண்டும். மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்த பிறகுதான் திரும்பலாம். அப்படி விடப்பட்ட பிள்ளைகளில் சில தீப்பட்டு இறந்ததாக அவர் கேள்விப்பட்டார். ஒரு தாய், தான் விலகிப் போகும்போது ஓநாய் ஒன்று பிள்ளையை நோக்கி வந்ததாகவும், மனம் கேளாமல் ஓடிப்போய்த் தடுத்ததாகவும் சொன்னாள். எத்தியென் நாயின் எலும்பைத் தோண்டி எரிக்கவும் தோப்பை வெட்டவும் உத்தரவிட்டார். ஆனாலும் 19ஆம் நூற்றாண்டிலும் ஜனங்கள் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். ழான்-குளோத் ஷ்மித் என்ற வரலாற்றாசிரியர் 1979இல் இதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார்.

எனக்கு இதில் திகைப்பூட்டுவது ஒன்றுதான். அந்தக் கதையில் குழந்தைக்கு ஆபத்து வந்தது, அதைத் தனியாக விட்டதால். அந்தக் கதையைக் கும்பிட்டவர்கள் செய்த சடங்கோ, குழந்தையைத் தனியாக விடுவது. நாயின் தியாகம் பெரிதாக ஆக, தொட்டிலருகே ஆளில்லை என்பது யாருக்கும் உறுத்தாமலே போய்விட்டது. செவிலி எங்கே போனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 13ஆம் நூற்றாண்டு இளவரசன் லூவெலினின் நாய் கெலர்ட்டின் சமாதியை இன்றும் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள். பாம்புக்குப் பதில் ஓநாய், மற்றதெல்லாம் அதே கதை. ஊரின் பெயர் உண்மையில் ஒரு பழைய துறவியின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். சமாதி 18ஆம் நூற்றாண்டின் முடிவில், டேவிட் பிரிச்சர்ட் என்ற விடுதிக்காரர் வியாபாரத்துக்காக ஏற்பாடு செய்தது. தெரிந்தும் ஜனங்கள் கண் கலங்குகிறார்கள்.

1904இல் லண்டன் மேடைக்கு வந்த ஜே. எம். பேரியின் 'பீட்டர் பேன்' நாடகத்தில் நாய் நேரடியாகவே ஆயா வேலை பார்க்கிறது. டார்லிங் குடும்பத்துக்கு ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க வசதியில்லை. நானா என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறது, மருந்து கொடுக்கிறது. அப்பா கோபத்தில் அதை முற்றத்தில் கட்டிப்போட்டுவிட்டு, மனைவியோடு விருந்துக்குப் போகிறார். அன்றிரவுதான் பிள்ளைகள் ஜன்னல் வழியே பறந்துவிடுகிறார்கள். பின்னால் நாவலாக வந்தபோது அப்பா பிராயச்சித்தமாக நாய்க்கூண்டிலேயே குடியிருக்கிறார். நாயை நம்பாதவன் படும் பாடு இது. பேரி போகிற போக்கில் ஓர் உண்மையையும் சொல்லிவிட்டார்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கு வழியில்லாத வீட்டில்தான் நாய் ஆயாவாகிறது.

20ஆம் நூற்றாண்டில் இது ஓர் இனத்தின் மேலேயே ஏறியது. ஸ்டாஃபர்ட்ஷைர் புல் டெரியர், பிட் புல் வகை நாய்களை ஒரு காலத்தில் 'ஆயா நாய்' என்றே அழைத்தார்கள் என்று அமெரிக்காவில் பரவலாகச் சொன்னார்கள். நாய்ச் சண்டைக்காக வளர்க்கப்பட்ட பரம்பரை அது. பிட் புல் நாய்களை மீட்டு வளர்க்கும் கலிஃபோர்னியா அமைப்பான பேட் ராப், 2013இல் தானே முன்வந்து, அப்படி ஒரு வரலாறு கிடையாது, சொல்வதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. அந்த நாய்களை நேசிப்பவர்களே சொன்னார்கள் என்பதுதான் அதன் மதிப்பு.

சட்டங்கள் எதிர்ப்பக்கம் போயின. எந்த இனத்தை நம்பக் கூடாது என்று பட்டியல் போட்டன. பிரிட்டன் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தில் நான்கு இனங்களைத் தடை செய்தது. 2023 இறுதியில் எக்ஸ்எல் புல்லியும் சேர்ந்தது. 2024 மார்ச்சில் இந்திய அரசு 23 இனங்களைக் குறிப்பிட்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறியபோது விவாதம் மறுபடி இனத்துக்கே வந்தது. பெரிய தாடை உள்ள நாய் கடித்தால் சேதம் பெரிது, அதை மறுக்க முடியாது. ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு விநோதம் இருந்தது. நாயைக் கட்டுமீறி விடுவது குற்றம் என்ற பிரிவு, பொது இடங்களுக்கும் நாய்க்கு அனுமதியில்லாத இடங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014இல்தான் அது சொந்த வீட்டுக்குள்ளும் நீண்டது. சின்னப் பிள்ளைகள் கடிபடுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான், தெரிந்த நாயிடம்தான். 23 ஆண்டுகள் சட்டமும் தொட்டில் இருக்கும் அறையை எட்டிப் பார்க்கவில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைக் கடித்த 111 சம்பவங்களை எடுத்துக்கொண்டார்கள். பழக்கமான பிள்ளையை நாய் கடித்ததற்கு மற்ற காரணங்களைவிட அதிகமாகத் தென்பட்டது, தன் சாப்பாட்டையோ தன்னுடையது என்று நினைத்த பொருளையோ காப்பாற்றுவது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு நாய்கள் அதற்கு முன் எந்தப் பிள்ளையையும் கடித்ததில்லை. அதாவது வாசலில் நின்று "பிள்ளைகளை ஒண்ணும் பண்ணாது" என்று சொல்பவர், பிள்ளைகளைக் கடித்ததா என்பதை மட்டும் பார்த்தால், அந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு முந்தின நாள்வரை சரியாகவே சொல்லியிருப்பார்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். பல்லைக் காட்டும் நாயின் படத்தைக் காட்டினால், சின்னப் பிள்ளைகளில் பலர் அது சிரிக்கிறது என்றார்கள். சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் பிள்ளை என்ன செய்யும்? கிட்டப் போகும், முத்தம் கொடுக்கும். முகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோகும்.

நாய் திடீரென்று கடிப்பதாகப் பெரியவர்களுக்குத் தோன்றுவது, அது முன்னால் சொன்னதெல்லாம் நம் காதில் விழாததால். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், எழுந்து வேறு பக்கம் போகும், உடல் விறைக்கும். பிறகுதான் உறுமும். உறுமினால் நாம் அதட்டுகிறோம். அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும். தவழும் குழந்தைக்கு இந்த மொழி எதுவும் தெரியாது. நாய்க்கும் அது குழந்தை, தெரியாமல் செய்கிறது என்று எடுத்துச் சொல்ல வழியில்லை. இருவர் மொழியும் தெரிந்த மூன்றாவது ஆள் அறையில் இருக்க வேண்டும். அந்த ஆள் செல்போனில் மூழ்கியிருந்தால் இருந்தும் பயனில்லை. இருக்க முடியாதபோது நடுவில் ஒரு கதவு.

நம் ஊர்களில் கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. அவற்றின் இடம் வாசல், தொழுவம், தோட்டம். தொட்டில் தொங்கியது உள்வீட்டில், பக்கத்தில் பாட்டியோ அத்தையோ பெரியவளான அக்காவோ. அந்த ஏற்பாட்டில் தீட்டு, அடிமைத்தனம், பெண்களின் ஓயாத உழைப்பு எல்லாம் கலந்திருந்தன. அதை மீட்டுக்கொண்டு வரச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் பாட்டி இல்லை, வாசலும் இல்லை. நாயும் தவழும் பிள்ளையும் ஒரே ஹாலில். ஒற்றை ஆளாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மா அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்து போகிறாள். அவளைக் குற்றம் சொல்வது சுலபம். பஞ்சதந்திரத்துத் தாயும் தண்ணீர் எடுக்கத்தான் போனாள். பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டில் இருந்தவன் எங்கே போனான் என்பதுதான் அவள் கேட்ட கேள்வி.

கினெஃபோரோ கெலர்ட்டோ துரோகம் செய்யவில்லை. நம் வீட்டு நாயும் துரோகம் செய்யப்போவதில்லை. கடிப்பது துரோகம் ஆகாது, நாய்க்குத் தெரிந்த கடைசி வார்த்தை அது. அதை உச்சரிக்க வேண்டிய இடம்வரை நாயையும் பிள்ளையையும் தனியே விட்டுவைப்பது யார் என்று பார்த்தால், கதை மறுபடி மனிதர்களிடம்தான் வந்து நிற்கிறது. நாயை நம்பலாமா என்ற கேள்விக்கு எந்த நாயை வைத்தும் முடிவான பதில் சொல்ல முடியாது. தொட்டிலருகே இப்போது யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் உண்டு. அதைத் தினமும், ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும், வீட்டில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.