கணினி வலையமைப்பு: கம்பியும் காவலும்

கம்பியால் பிணைத்துவிட்டால் கணினிகள் ஒன்றுபட்டுவிடும் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. பலர் கூடி ஒரு பொருளைப் பயன்படுத்துங்கால் யார் எடுக்கலாம், யார் காத்திருக்க வேண்டும், யார் தொடவே கூடாது என்று வரையறுக்கும் ஒழுங்கு வேண்டும். கணினி உலகில் அவ்வொழுங்கைக் காக்கும் மென்பொருளே வலையமைப்பு இயங்குதளம் எனப்படுவது. அதன் வரலாற்றை ஆசிரிய அன்பர்கள் அறிந்திருப்பது நன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் நிகழ்ந்தது இது. ஆறாம் ஆண்டு மாணவர்களின் புள்ளிப் பட்டியலை ஆசிரியர் இருவர் தனித்தனியே படியெடுத்துச் சென்றனர். ஒருவர் தமிழ்ப் புள்ளிகளைப் பதிந்தார். மற்றவர் கணிதப் புள்ளிகளைப் பதிந்தார். பின்னர் வந்தவர் தம் படியை அலுவலகக் கணினியில் இட்டதும், முன்னவர் பதிந்தவை யாவும் அழிந்தன. இரவெல்லாம் விழித்துச் செய்த வேலை ஒரு நொடியில் போயிற்று. இருவருமே கடமை தவறாதவர்கள். பட்டியலுக்குக் காவல் இல்லாததே குறை. இதே இடர்ப்பாடு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க அலுவலகங்களில் தோன்றியது.

கணினிகளை ஒரு கட்டடத்திற்குள் இணைக்கும் வழியை 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் இராபர்ட் மெட்கால்ஃப் வகுத்தார். ‘ஈதர்நெட்’ என்பது அதன் பெயர். ஒரே கம்பியைப் பல கணினிகளும் செவிமடுத்திருக்கும். இரண்டு ஒரே வேளையில் பேசத் தொடங்கினால் இரண்டும் நிறுத்திக்கொள்ளும். ஒவ்வொன்றும் வெவ்வேறு கால அளவு காத்திருந்து மீண்டும் பேசும். பேச்சில் ஒழுங்கு இவ்வாறு அமைந்தது. உடைமையில் ஒழுங்கு அமைவதே அடுத்த படி.

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தது. அலுவலக மேசைகளில் கணினிகள் பெருகின. ஆனால் வன்தட்டும் நல்ல அச்சுப்பொறியும் பெருவிலை விற்றன. ஆளுக்கொன்று வாங்க இயலாது. ஆகவே ஒரு வட்டைப் பலருக்குப் பகிரும் முறைகள் தோன்றின. அவை ஓர் அலமாரியைத் தடுத்து ஆளுக்கோர் அறை கொடுத்தது போன்றவை. தத்தம் அறையில் இடர் இல்லை. பொது அறையிலோ, ஒவ்வொரு கணினியும் தானே கையை விட்டு எழுதும். ஒன்று எழுதியதை மற்றொன்று அறியாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பயின்ற ட்ரூ மேஜர், டேல் நைபௌர், கைல் பவல் முதலிய இளைஞர்கள் நாவெல் நிறுவனத்திற்காக இத்தகைய வட்டுப் பகிர்வு முறையை அமைக்க வந்தனர். வட்டைப் பகிர்வதைக் காட்டிலும் கோப்பைப் பகிர்வதே தக்கது என்று அவர்கள் கண்டனர். 1983இல் ‘நெட்வேர்’ வெளிவந்தது.

அடுக்குகள் வாசகருக்குத் திறந்திராத நூலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வாசகர் எவரும் அடுக்குகளுக்குள் நுழைவதில்லை, நூலகரிடம் கேட்கின்றனர். நெட்வேரில் ‘கோப்பு வழங்கி’ என்னும் கணினியே நூலகர். வட்டைத் தொடும் உரிமை அதற்கு மட்டுமே. ஒருவர் ஒரு பதிவைத் திருத்தும்போது அதனைப் பூட்டிவைத்து, மற்றவரைக் காத்திருக்கச் செய்யும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, படிக்க மட்டும் உரியவர், திருத்தவும் உரியவர் என்று பிரிக்கும். அச்சுக்கு வருவனவற்றை வரிசையில் நிறுத்தும். பின்னாளில், ஒரு வட்டு பழுதுற்றாலும் வேலை நில்லாதபடி ஒரே செய்தியை இரு வட்டுகளில் எழுதும் வசதியும் வந்தது. எந்நிறுவனத்தின் கம்பி என்று பாராது பலவகை இணைப்புகளிலும் இயங்கியமையால் நெட்வேர் எங்கும் பரவியது.

1993இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. வலையமைப்புத் திறனைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. நாளடைவில் நெட்வேரின் செல்வாக்குக் குன்றியது. பெயர் மறைந்தாலும் பணி மறையவில்லை. இன்று இணையத்தின் வழியே ஒரே ஏட்டைப் பலர் ஒரே வேளையில் திருத்துகின்றனர். அங்கும், வரும் திருத்தங்களை வரிசைப்படுத்தும் காவலன் திரைக்குப் பின்னால் நிற்கின்றான்.

கணினி வலையமைப்பின் நன்மைகள் யாவை என்று மாணவரைக் கேட்டால், அச்சுப்பொறியைப் பகிரலாம், கோப்பைப் பகிரலாம், செலவு குறையும் என்பர். விடை சரியே; ஆயினும் பாதி விடை. பகிர்வு பயன் தருவது, முறை வகுத்த பின்னரே. எம் பள்ளியில் இப்போது புள்ளிப் பட்டியல் ஒன்றே; அது பொதுக் கணினியில் உள்ளது; படியெடுத்துச் செல்வார் இல்லை. இந்த ஒழுங்கைக் கற்க எங்களுக்கு ஓர் இரவின் உழைப்பு விலையாயிற்று. நம் மாணவர்கள் அவ்விலை கொடாமலே அதனைக் கற்கட்டும்.