குற்றச்சாட்டின் எடை

நெம்மேலியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தேநீர்க் கடையில், அண்மையில் ஒரு காலைப் பொழுது அமர்ந்திருந்தேன். ஒரு புறம் கடல். மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் நிலையமும் இவ்வூரில்தான் இருக்கிறது. கடையில் கிடந்த நாளிதழில், பதவியிலிருந்த ஒருவர்மீது எழுந்த ஊழல் குற்றச்சாட்டு பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைப் படித்த முதியவர் ஒருவர், "நெருப்பில்லாம பொகையுமா தம்பி?" என்றார். அருகிலிருந்த இளைஞர் விடவில்லை. "சொன்னவன் யாருன்னு பாருங்கண்ணே. அவனுக்கு இவரு எதிரி. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்துட்டா வாயத் தொறக்க மாட்டான்" என்றார். கடைக்காரர் இருவருக்கும் பொதுவாகத் தீர்ப்பு வழங்கினார்: "எல்லாரும் திருடனுங்கதான். டீ ஆறுது, குடிங்க."

சிரிப்பு எழுந்தது; வழக்கு முடிந்தது. ஆனால் அந்த மூன்று தீர்ப்புகளும் என்னை விட்டு அகலவில்லை. முதியவர் புகையைக் கண்டு நம்பினார். இளைஞர் சொன்னவரைக் கண்டு நம்ப மறுத்தார். கடைக்காரர் எவரையும் காண வேண்டிய தேவையே இல்லை என்றார். மூவரில் ஒருவரும் கணக்கேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நாமும் நம் வீடுகளில் இம்மூவருள் ஒருவராகவே பேசி வருகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இம்மூன்று தீர்ப்புகளையும் வரலாறு ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. அதற்காக நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நெம்மேலியும் கோவளமும் மாமல்லபுரமும் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையின் வருவாயும், அதைச் சுற்றிய ஆற்காட்டு நாட்டின் வருவாயும் யார் கைக்குப் போயின என்ற கேள்வியே அந்த வழக்கின் கருப்பொருள்.

1763-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபு முகமது அலி, செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். கம்பெனியோ அதை 1780 வரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. நவாபு சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிக் கொண்டு சென்னையிலேயே தங்கினார். போர்ச் செலவுக்கும் அரண்மனைச் செலவுக்கும் அவர் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் கம்பெனியின் ஊழியர்களே. குறைந்த சம்பளத்தில் வந்தவர்கள், கொழுத்த வட்டியில் வாழ்ந்தவர்கள். கடனுக்கு ஈடாக ஊர்களின் நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆகவே, சென்னையில் ஒரு பத்திரத்தில் எழுதப்பட்ட எண், எங்கோ ஓர் ஏரிக்கரையில் உழவன் களத்திலிருந்து அள்ளப்படும் நெல்லாக மாறியது. அந்தப் பத்திரம் மெய்யா பொய்யா என்பது, உழவனைப் பொறுத்தமட்டில், சோற்றுக்கும் பட்டினிக்கும் இடையிலான கேள்வியாகும்.

இந்தக் கேள்வி முதன்முதலில் வெடித்தது தஞ்சையைக் குறித்து. 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாபு தஞ்சையைக் கைப்பற்றினார். இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் அதனை ஏற்கவில்லை. அரசர் துளஜாவுக்கே தஞ்சையைத் திருப்பித் தருமாறு பிகட் பிரபுவை ஆளுநராக அனுப்பினர். 1776 ஏப்ரலில் அவ்வாறே நடந்தது. உடனே பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனி ஊழியர் எழுந்து நின்றார். தஞ்சையின் வருவாயில் தமக்கு ஏறத்தாழ 2,34,000 பவுண்டு வரவேண்டும் என்றார். சில நூறு பவுண்டு ஆண்டுச் சம்பளம் பெறும் ஒருவருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? ஆட்சிக்குழு ஆதாரம் கேட்டது. போதிய ஆதாரம் வரவில்லை என்று கோரிக்கையைத் தள்ளியது. பின்னர் அதே குழுவின் பெரும்பான்மை தன் முடிவை மாற்றிக்கொண்டது. பிகட் எதிர்த்தார். 1776 ஆகஸ்டு 24-ஆம் நாள், ஆளுநராகிய அவரே கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்தார். அவரைச் சிறையிட்ட உறுப்பினர் நால்வருக்கு இங்கிலாந்தின் நீதிமன்றம் பின்னாளில் விதித்த தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம்.

பிகட்டும் அப்பழுக்கற்றவர் அல்லர். முதன்முறை சென்னையை ஆண்டுவிட்டுப் பெருஞ்செல்வத்தோடு தாயகம் திரும்பியவர் அவர். அதனால் பென்ஃபீல்டைக் குறித்து அவர் கேட்ட கேள்வி பொய்யாகிவிடுமா? தேநீர்க் கடை இளைஞரின் வாதம் இங்கேதான் இடறுகிறது. கேட்பவரின் கை அழுக்காயிருக்கலாம். ஆனால் கேட்கப்பட்ட கணக்குக் காட்டப்படவில்லை என்பது அதனால் மாறுவதில்லை.

முதியவரின் வாதமும் அதே சென்னையில் இடறியது. 1778 முதல் 1780 வரை ஆளுநராயிருந்த சர் தாமஸ் ரம்போல்டின்மீது கையூட்டுப் புகார்கள் எழுந்தன. ஐதர் அலியின் படையெடுப்பால் ஆற்காட்டு நாடும் செங்கற்பட்டுச் சீமையும் பாழான பிறகு, அந்தப் பேரழிவுக்கு யார் பொறுப்பு என்ற சினமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் ஹென்றி டண்டாஸ் அவரைத் தண்டிக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். விசாரணை இழுத்துக்கொண்டே போயிற்று. உறுப்பினர்கள் வருகை குறைந்தது. 1783-இல் எல்லாம் கைவிடப்பட்டது. ரம்போல்டு தண்டிக்கப்படவும் இல்லை, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படவும் இல்லை. ஆனால் புகை மட்டும் அடங்கவில்லை. அவர் இளமையில் இலண்டன் மனமகிழ் மன்றமொன்றில் பரிமாறும் பணியாளாய் இருந்தவர் என்றுகூட ஒரு கதை பரவியது. அது ஆதாரமற்றது, அவர் கம்பெனிப் பணியிலிருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் பெயரைத் துடைக்க மகள் எழுதிய நூல் 1868-இல்தான் வெளிவந்தது. முடிக்கப்படாத விசாரணை ஒருவரை எண்பது ஆண்டுக்கு மேலாகியும் கூண்டிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அவர் உண்மையிலேயே குற்றவாளியாயின் மக்களுக்கு நீதி கிடைக்கவில்லை. இல்லையாயின் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் நீதி கிடைக்கவில்லை.

பொய்யான புகையும் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1789-90-இல் ஆளுநராயிருந்த ஜான் ஹாலண்டின் துபாஷியாகச் செல்வாக்கோடு விளங்கியவர் அவதானம் பாப்பையா. கம்பெனியின் அதிகாரி டேவிட் ஹாலிபர்ட்டனைப் பதவியிலிருந்து அகற்றுவதற்காக, அவர்மீது பொய்க் குற்றம் புனைந்து சதி செய்ததாகப் பாப்பையாவும் கூட்டாளிகளும் 1792-இல் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். சாட்சிகள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்ட பிறகே உண்மை துலங்கிற்று. சென்னைச் சூளையில் பாப்பையாவின் பெயர் தாங்கிய சாலை இன்றும் இருக்கிறது. நெருப்பில்லாமலும் புகையும், புகைய வைப்பதற்கென்றே ஆட்கள் இருந்தால்.

இனி மூன்றாம் தீர்ப்புக்கு வருவோம். 1784-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், நவாபின் கடன்கள் எவ்வாறு பிறந்தன, அவை நியாயமானவையா என்று ஆராயுமாறு கூறியிருந்தது. ஆனால், புதிதாய் அமைந்த கட்டுப்பாட்டு வாரியம் ஆராயாமலேயே அவற்றைச் செலுத்த உத்தரவிட்டது. அதற்கென ஆற்காட்டு நாட்டின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. அவ்வாரியத்தில் முன்னின்றவர் அதே டண்டாஸ்; ஓர் ஆளுநரை ஊழலுக்காகத் தண்டிக்க முயன்றவர், ஆளுநர்களை ஊழலுக்கு இழுத்த கடனை விசாரணையின்றி ஏற்றுக்கொண்டார். 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் இதைக் கண்டித்து நெடிய உரையாற்றினார். அக்கடன்களில் பெரும்பகுதி போலி என்றும், கடன்காரர்கள் நாடாளுமன்ற வாக்குகளைத் தந்து இதை வாங்கினர் என்றும் குற்றம் சாட்டினார். அவர் கட்சி தோற்றது. பர்க் எதிர்க்கட்சிக்காரர், அவருடைய நெருங்கிய உறவினராகக் கருதப்பட்ட வில்லியம் பர்க், நவாபின் எதிரியான தஞ்சை அரசரின் முகவர். நம் தேநீர்க் கடை இளைஞர் அன்று அங்கிருந்திருந்தால், "சொன்னவன் யாருன்னு பாருங்கண்ணே" என்றுதான் கூறியிருப்பார். கூறியதில் நியாயமும் இருந்திருக்கும்.

ஆயினும் எது உண்மை என்று தெரியும் நாள் வந்தது. கேள்வியின்றிப் பழைய கடன் அடைக்கப்படுவதைக் கண்டோர், நவாபின் பேரில் புதிய கடன்களைக் காட்டிக்கொண்டே இருந்தனர். 1801-இல் ஆற்காட்டு நாடு முழுதும் கம்பெனி வசமாயிற்று. 1805-இல், இந்தப் புதிய கோரிக்கைகளை ஆராய ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். வந்த கோரிக்கைகள் மூன்று கோடிப் பவுண்டைத் தொட்டன. ஆணையர்கள் பத்திரத்தைப் பத்திரமாகப் பிரித்துப் பார்த்தனர். 1814-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அவர்கள் ஆராய்ந்து முடித்தவை இரண்டு கோடிப் பவுண்டுக்கும் மேல். அவற்றுள் மெய்யென ஏற்கப்பட்டவை ஏறத்தாழப் பதின்மூன்றரை இலட்சம் பவுண்டு. அதாவது, ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு மட்டுமே தேறியது.

இந்த எண்ணிக்கையைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். பர்க்கின் சந்தேகத்துக்கு இது வலுவூட்டியது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அந்தப் பதினைந்தில் ஒன்று மெய்யாகவே இருந்தது. உண்மையாய்க் கடன் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் அதில் இருந்தனர். "எல்லாரும் திருடர்" என்று கூறியிருந்தால் அவர்கள் அழிந்திருப்பார்கள். "எல்லாரும் யோக்கியர்" என்று வாரியம் ஏற்கெனவே கூறியதால், அந்தச் சுமை குடிகளின் வரியில் ஏறியது. இரண்டு கூற்றுகளுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு: இரண்டுமே ஏட்டைப் பிரிக்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவிக்கின்றன. திருடனுக்கு மிகவும் உகந்த பொதுக்கருத்து, அனைவரும் திருடர் என்பதே. அந்தக் கூட்டத்தில் அவன் தனியாகத் தெரிவதில்லை.

குற்றம் சாட்டிய டண்டாஸின் கதையும் இங்கே முடியவில்லை. மெல்வில் பிரபுவாக உயர்ந்த அவர்மீதே, கடற்படைக் கருவூலப் பணம் பற்றிய குற்றச்சாட்டு எழுந்தது. 1806-இல் பிரபுக்கள் சபை அவரை விசாரித்து விடுவித்தது. பென்ஃபீல்டோ தேடிய செல்வமெல்லாம் இழந்து 1810-இல் பாரிசு நகரில் வறுமையில் இறந்தார்.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2012-இல் ஐக்கிய நாடுகளின் கண்காணிப்புக் குழு ஒன்று, சோமாலியாவின் இடைக்கால அரசுக்கு முந்தைய ஆண்டுகளில் வந்த பணத்தில் பத்துக்கு ஏழு பங்கு கருவூலத்தைச் சேரவில்லை என்று குற்றம் சாட்டியது. அந்நாட்டுத் தலைவர்கள் மறுத்தனர். நம்புவோரும் மறுப்போரும் சொன்னவர் யார், சொல்லப்பட்டவர் யார் என்றே பேசினர். நம் தேநீர்க் கடையும் அவர்களுடைய தேநீர்க் கடையும் வெகு தொலைவில் இல்லை.

ஆளை விட்டுக் கணக்கைக் கேட்கும் மரபு நமக்குப் புதிதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஊர் வாரியத் தேர்தலுக்கு விதி கூறுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறக் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவரைத் திருடர் என்று அது பழிக்கவில்லை. கணக்குக் காட்டவில்லை என்பது மட்டுமே அதற்குப் போதுமானதாயிருந்தது.

விசாரியாத தீர்ப்பின் விலையையும் நாம் அறிவோம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியனின் கதையைச் சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. கண்ணகி அரசவையில் கண்ணீரோடு நின்றாள்; ஆனால் வழக்கை வென்றது கண்ணீர் அன்று, உடைத்துக் காட்டிய சிலம்பு. தானியேல் நூலில் சூசன்னாவைக் காப்பாற்றியதும், ஊராரின் இரக்கம் அன்று. இரு முதியோரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்ட ஒரு கேள்வியே. இரு கதைகளிலும் குற்றம் சாட்டியவர் பொய்யர். சொல்லைச் சோதித்ததால் ஓர் உயிர் பிழைத்தது. சோதிக்காததால் ஓர் உயிர் போயிற்று.

அன்று காலை அந்தக் கடையிலிருந்து எழுந்தபோது, கடைக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். நான் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன். அவர் தடுத்தார். "எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க சார். அப்புறம் எனக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்" என்றார். எல்லாரும் திருடர் என்று சற்றுமுன் தீர்ப்புக் கூறியவரே, எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் நல்லது என்று கூறுகிறாரே என எண்ணிக்கொண்டேன். கொடுப்பவரின் நேர்மையைக் காப்பதும் எண்ணிக்கைதான். வாங்குபவரின் உரிமையைக் காப்பதும் அதுதான். ஐந்து ரூபாய்ச் சில்லறைக்கு நாம் கைக்கொள்ளும் இந்த எளிய ஒழுங்கை, ஒரு நாட்டின் பணத்துக்கும் கைக்கொண்டால் போதும்.